அந்தரத்தில் சுழலும் சக்கரத்துக்கு டார்சன் உதவாது

"பின்சக்கர இயக்கக் காருக்கு டார்சன் டிஃபரன்ஷியல் போதும், ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினாலும் மற்றதற்கு முழு விசையும் போய்விடும்" என்கிறீர்கள். இதன் பின்பாதி தவறு.

டிஃபரன்ஷியல் என்பது இன்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி; பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் விசையை அனுப்பும் வகை டார்சன். அது செய்வது பெருக்கல். பிடிப்புக் குறைந்த சக்கரம் தாங்கும் முறுக்குவிசையின் குறிப்பிட்ட மடங்கு வரைதான் மறுபக்கம் போகும். விகிதம் 3 என்றால், இங்கே 100 நியூட்டன் மீட்டர், அங்கே அதிகபட்சம் 300. சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் இங்கே கிட்டத்தட்ட பூஜ்யம். அதை எதனால் பெருக்கி என்ன பயன்? (உள்ளே எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் முன்னழுத்த ஸ்பிரிங் உள்ள சில மாதிரிகள் கொஞ்சம் சமாளிக்கும், அவ்வளவே.)

இறுக்கமான சஸ்பென்ஷனும் கார் சாய்வதைக் குறைக்கும் தடித்த ஆன்டி-ரோல் பாரும் போட்டு, வளைவில் உட்சக்கரத்தைத் தூக்கும் காருக்கு உராயும் தட்டுகளால் இரு சக்கரங்களையும் பிணைத்துப் பூட்டும், முன்னழுத்தம் கொண்ட கிளட்ச் தட்டு வகை டிஃபரன்ஷியல்தான் பொருந்தும். தட்டுகள் தேயும், அதற்குரிய எண்ணெயைத் தவறாமல் மாற்ற வேண்டும், மெதுவான திருப்பங்களில் சத்தமும் வரும். அதிலும் 2-வே வகை ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் பூட்டிக்கொள்ளும். காரைச் சறுக்கவிட்டு டிரிஃப்ட் செய்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். ஈரச் சாலையில் தினமும் ஓட்டுபவருக்கு, ஆக்சிலரேட்டரை விட்டால் குறைவாகவே பூட்டும் 1.5-வே தாராளம்.

நான்கு சக்கரமும் தரையிலேயே இருக்கும் சாலைக் காருக்கு டார்சன் அருமையான தேர்வு என்பதில் எனக்கு மறுப்பில்லை.