பூஜ்யம் டாலர் இன்சூரன்ஸ்

“அக்கா, மாசம் பூஜ்யம் டாலர்னு ஒண்ணு காட்டுது. இதையே அமுக்கிடவா?”

போன டிசம்பரில் என் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்தபடி தம்பி கேட்டான். டாலஸில் ஒரு உணவகத்தில் தோசைக்கல் அவன் பொறுப்பு. தனி ஆள், கிரீன் கார்டு, வருஷத்துக்கு 22,000 டாலர். கடையில் இன்சூரன்ஸ் கிடையாது. ஒபாமாகேர் மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு இன்சூரன்ஸ் சந்தைதான் கதி.

அவன் காட்டியது ப்ரான்ஸ் (Bronze, வெண்கலம்) திட்டம், உலோகப் பெயர் வைத்த படிகளில் கீழ்ப்படி. டிடக்டிபிள் 7,500. வருஷாந்தர செக்கப், தடுப்பூசி மாதிரி சிலதைத் தவிர, பெரும்பாலான வைத்தியத்துக்கு முதல் 7,500 டாலர் அவன் கைக்காசு. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு! சுகர் வேறு இருக்கிற பையன். கார்டு பர்ஸில் இருக்கும், டாக்டர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டான்.

அவன் வருமானத்துக்கு எடுக்க வேண்டியது அடுத்த படியான சில்வர். வறுமைக்கோட்டைப் போல ஒன்றரை மடங்குக்குள் சம்பாதிப்பவர் சில்வர் எடுத்தால், டிடக்டிபிளையும், ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கான கோ-பேயையும் குறைத்து, செலவில் சராசரியாக 94 சதவீதத்தைத் திட்டமே ஏற்கும். உச்சப்படியான பிளாட்டினத்துக்கே 90தான். ப்ரான்ஸ் எடுத்தால் இந்தச் சலுகை போச்சு.

2025 வரை இவனைப் போன்றவர்களுக்கு சில்வரும் சும்மா கிடைத்தது. 2021-இல் கூட்டிய மானியம் அது. அதை நீட்டிக்கச் சொல்லி நடந்த மல்லுக்கட்டில் 43 நாள் அரசாங்கமே முடங்கியது. ஆனாலும் நீட்டிக்கவில்லை. இப்போது சில்வருக்கு மாதம் 60 டாலருக்கு மேல். அந்த அறுபதுக்குப் பயந்து ஏழாயிரத்தில் போய் விழவைப்பதற்குப் பெயர் ‘தேர்வுச் சுதந்திரம்’. இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சில்வரையே எடுக்க வைத்தேன். “ஷிப்ட் குறைஞ்சு சம்பளமும் குறைஞ்சா, மானியம் கூடும்லக்கா?” என்றான்.

நியாயமான கேள்வி. ஆனால் இது டெக்சாஸ். அவன் வருஷ வருமானத்தை வறுமைக்கோடான 15,650 டாலருக்குக் கீழே எழுதியிருந்தால் ஒரு சென்ட் மானியம் வராது. 2010 ஒபாமாகேர் சட்டப்படி அவ்வளவு ஏழைகளை மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. டெக்சாஸ் இன்றுவரை சேரவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத, உடல் ஊனமில்லாத இவனுக்கு இங்கே மெடிக்கெய்டும் இல்லை.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் முதலாளியிடம் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டும் கேட்டு வாங்கிவிட்டானாம்.