ஏர் ஃபோர்க்குக்கும் எண்ணெய் உண்டு

தம்பி, சைக்கிளின் முன் சக்கரத்தைப் பிடிச்சு குலுக்கலைத் தாங்குற ஏர் ஃபோர்க்கைப் பத்தி, “ஏர் ஃபோர்க்குக்குள்ள காத்து மட்டும்தான், சர்வீஸ் தேவையில்ல, குழாயில டபிள்யூடி-40 ஸ்பிரே அடிச்சா போதும்” என்று எழுதியிருக்கிறீங்க. அது பிழை. புதுசா சைக்கிள் வாங்கின பிள்ளைகள் நம்பிடுவாங்க என்றதால சொல்றேன்.

காத்து ஸ்பிரிங் வேலையை மட்டும்தான் செய்யுது. திரும்பி எழும்புற வேகத்தைக் கட்டுப்படுத்துற டேம்பர் எண்ணெயிலதான் ஓடுது. ஃபோர்க்கின் கீழ்ப்பாதியான கீழ்க்காலுக்குள்ளயும் கொஞ்சம் எண்ணெய் இருக்கு; குழாய் வழுக்கி ஓடுற புஷ்ஷையும், சேறு உள்ள போகாம தடுக்கிற சீலுக்குக் கீழ இருக்கிற பஞ்சு வளையத்தையும் நனைக்கிறது அதுதான். நீங்க சொல்ற ஸ்பிரே சீல் ஓரத்து கிரீஸைக் கழுவிடும். பிறகு சேறு சுலபமா உள்ளே போகும்.

போன மழைக்குப் பிறகு, தம்பேதன்ன தேயிலை ரோட்டுல ஓடின என் ஃபோர்க்கைக் கழட்டினேன். எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்துல வந்திச்சு, அடியில நறநறன்னு மண். அப்படியே ஓடியிருந்தா குழாயின் பூச்சு உரிஞ்சிருக்கும். அது போனா சீல் மாத்தியும் பிரயோசனமில்ல, குழாயையே மாத்தணும்.

ராக்‌ஷாக்ஸ் என்ற ஃபோர்க் கம்பனி பொதுவா கீழ்க்கால் சர்வீஸை 50 மணித்தியாலம் ஓடினதும், டேம்பர் சர்வீஸை 200 மணித்தியாலம் ஓடினதும் செய்யச் சொல்லுது. ஹப்புத்தளை, நுவரெலியா மழையில அதுக்கும் முந்தியே திறந்து பாருங்க. திறக்க முதல் காத்தை முழுக்க இறக்கிடுங்க. எண்ணெய் அளவு மாடலுக்கு மாடல் வேற, கையேட்டைப் பார்த்தே ஊத்துங்க. ஓடி வந்ததும் குழாயை ஈரத்துணியால துடைச்சா போதும், ஸ்பிரே வேணாம்.