மணலில் இறங்கும் வண்டிகளும் இழுத்துவிடும் டிராக்டர்களும்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் சிலருக்கு இந்தப் பதிவு கசக்கலாம். ஆனாலும் கடலூரில் தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கமும், புதுச்சேரி எல்லைக்குள் நரம்பை, வீராம்பட்டினம் பக்கமும் விடுமுறை நாள்களில் நடப்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை. வண்டி மணலில் புதைவதை எல்லோரும் எதிர்பாராத சங்கடம் போலவே பேசுகிறார்கள். என் கருத்தில் அது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான். சாதாரணக் காரில் வருபவர் தார்ச்சாலை முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து போகிறார். நான்கு சக்கரத்துக்கும் விசை போகிறது என்ற தைரியம் உள்ளவரோ அலை ஓரம் வரை ஓட்டிக்கொண்டு போய், ஆள் உதவி எளிதில் எட்டாத இடமாகப் பார்த்துப் புதைத்துவிட்டு வருகிறார்.

இது ஏன் நடக்கிறது என்று விளங்க, முதலில் மணலைப் புரிந்துகொள்ள வேண்டும். ஈர மணலில் மணிகளுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறது. அலை வந்து போன கரையில் சைக்கிள்கூட ஓடுவது அதனால்தான். மேட்டில் காய்ந்து கிடக்கும் மணலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. அலை அடிக்கும் இடத்தில் நீர் ததும்பி நிற்கும் மணலுக்கும் கிடையாது. அங்கே நின்ற வண்டியின் சக்கரத்தடியில் ஒவ்வோர் அலையும் கொஞ்சம் மணலை அரித்துக்கொண்டு போகும், எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வண்டி இறங்கும். இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பின் குணம் வேறு இருக்கிறது. பிடிமானம் இழந்த சக்கரம் சும்மா சுழலத் தொடங்கினால், அதே ஆக்சிலில் உள்ள மற்றச் சக்கரத்துக்கும் அந்த அற்ப விசைதான் கிடைக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள் சுழன்றுவிட்டால், ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஃபோர்ஸ் கூர்க்கா வண்டியில் இருப்பதுபோல, இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் லாக் முன்னும் பின்னும் இருந்தால் நிலைமை தேவலை, ஆனால் ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுக்காதவருக்கு அந்த லாக் நான்கு குழிகளை ஒரே நேரத்தில் தோண்டிக் கொடுக்கும். பார்வைக்கு ஜீப் போல இருப்பதெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் என்று நம்பி இறங்குபவர்கள் தனி ரகம். 2023 முதல் மஹிந்திரா தாரே பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் வகையிலும் விற்பனையாகிறது என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மணலில் கியரைவிட டயர்க் காற்றுக்குத்தான் மதிப்பு அதிகம். சாலைக்கென்று 30 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் வைத்திருக்கும் டயரை 16, 18 என்று இறக்கினால், தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் கூடி, எடை பரவலாகிறது. தார், ஸ்கார்பியோ போன்ற ஒன்றரை டன்னைத் தாண்டிய வண்டிகளுக்கு இந்த ஒரு காரியமே பாதிப் பிழைப்பு. வால்வைத் திறந்து நான்கு டயரிலும் காற்றை இறக்க அதிக நேரம் பிடிக்காது. ஆனால் மறுபடி நிரப்பக் கையில் கம்ப்ரஸர் இருக்காது என்பதால் பலர் இதைச் செய்வதே இல்லை. செய்தவர்களிலும் சிலர், காற்று இறங்கிய டயரோடு அப்படியே தேசிய நெடுஞ்சாலை 32இல் ஏறிப் புதுச்சேரிக்கு வேகமாக ஓட்டுகிறார்கள். டயரின் பக்கவாட்டுச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கக்கூடும் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

புதைந்த பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சக்கரம் சுழல்கிறது, மணல் பின்னால் வாரி அடிக்கிறது, அருகில் உலர்த்திய வலையின் மீதும் அதைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் மீதும் விழுகிறது. அவர் கோபப்படாமல், "தம்பி, ஆக்சிலேட்டர விடுங்க தம்பி, வண்டி கீழதான போவுது" என்கிறார். உள்ளே இருப்பவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னும் அழுத்துகிறார். சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், மணலில் படிந்த நொடியில் சக்கரங்களின் மேல் இருக்க வேண்டிய எடையை மணலே தாங்கிக்கொள்கிறது. அதன் பிறகு எவ்வளவு குதிரைத்திறன் இருந்தாலும் பயனில்லை. அதற்கு முன்பே நிறுத்தி, காற்றை இறக்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அடிவயிற்றிலும் உள்ள மணலை வாரி, தென்னை மட்டையையோ பலகையையோ கொடுத்து, நான்கு சக்கரத்துக்கும் குறைந்த வேகத்தில் அதிக இழுவிசை தரும் ஃபோர் லோ கியரில் போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுத்தால் பாதி வண்டிகள் தாமாகவே வெளியே வந்துவிடும். பெரியவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான், சுருக்கமாக.

மீதிப் பாதிக்கு ஊர் டிராக்டர்தான் கதி. ஃபைபர் படகுகளைக் கரையேற்ற வைத்திருக்கும் டிராக்டர் அது. அதன் டீசலும் ஓட்டுநரின் நேரமும் மீனவர்களின் தொழில் செலவில் சேர்ந்தவை. காலையில் கடலிலிருந்து திரும்பிய படகுகள் அலையில் ஆடிக்கொண்டு காத்திருக்கும்போது, ஒரு சுற்றுலா வண்டிக்காக அந்த டிராக்டர் திரும்புவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. இழுத்துவிட்ட பிறகு கூலிக்கு நடக்கும் பேரம் அதைவிட மோசம். பல லட்சம் கொடுத்து வண்டி வாங்கியவர், "கட்டி இழுத்ததுக்கு இவ்வளவா?" என்று கேட்கும்போது நிற்பவர்களுக்கே கூச்சமாக இருக்கிறது. கயிறு கட்டும் முறையிலும் ஆபத்து உண்டு. பம்பரில் கட்டுவார்கள், ட்ரெய்லர் கொக்கியின் குமிழில் மாட்டுவார்கள். இழுவிசையில் அது பிய்த்துக்கொண்டு பறந்தால் எதிரில் இருப்பவர் உயிர் போகும்; அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில்தான் கைப்பேசியைப் பிடித்தபடி பிள்ளைகள் நிற்கிறார்கள். வண்டியோடு கொடுத்திருக்கும் இழுவை வளையத்தைத் தேடி மாட்டுவதும் ஆள்களைத் தள்ளி நிற்கச் சொல்வதும் வண்டிக்காரரின் பொறுப்பு.

டிராக்டரும் கைவிடும் இடங்கள் இருக்கின்றன. கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் கலக்கும் முகத்துவாரங்களில் கோடையில் மணல்திட்டு சேர்ந்து, மேலே காய்ந்து, மைதானம் போலத் தெரியும். அடியில் ஆறு கொண்டுவந்த சேறு இருக்கும். அங்கே இறங்கிய வண்டியை எடுக்கப் போகும் டிராக்டரும் மாட்டிக்கொள்ளும் என்பதால், விவரம் தெரிந்த ஓட்டுநர் எவ்வளவு கொடுத்தாலும் வரமாட்டார். புதுச்சேரித் துறைமுகத்துக்குத் தெற்கே கரை அகலமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. இந்தக் கரையோரம் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் வடக்கு நோக்கியே அதிகம் நகரும் மணலை, 1980களில் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் மறித்துக்கொண்டன. வடக்கே கரை அரிக்கப்பட்டது, தெற்கே மணல் குவிந்தது. அந்த அகலத்தைப் பார்த்துத்தான் வண்டிக்காரர்களுக்குக் கை பரபரக்கிறது.

"கடற்கரை பொது இடம், யார் தடுக்க முடியும்?" என்பது வழக்கமாக வரும் எதிர்வாதம். நடப்பதற்கு அது எல்லோருக்கும் பொதுதான். ஆனால் 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு, மணல் குன்றுகளையும் ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்திருக்கிறது. இந்தக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் ஏறிவந்து, நூறை ஒட்டிய முட்டைகளை மணலுக்குள் புதைத்துவிட்டுப் போகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவை முதல் அட்டவணையில் உள்ளவை. வனத்துறையும் தன்னார்வலர்களும் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்தாலும், அவர்கள் கண்ணுக்குத் தப்பிய கூடுகளின் மேல்தான் டயர் ஏறுகிறது. பொரித்து வெளிவரும் விரலளவு குஞ்சுக்கு ஒரு சக்கரத் தடமே ஏற முடியாத பள்ளம்.

ஆகவே என் யோசனை கடுமையாகவே இருக்கட்டும். தார்ச்சாலை முடியும் இடங்களில் கல் நட்டு, படகும் டிராக்டரும் மீன் ஏற்றும் வண்டியும் போக மட்டும் ஒரு வழி விட்டு, அந்த வழியின் பொறுப்பை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்திடம் கொடுக்க வேண்டும். அதையும் மீறி இறங்கிப் புதைந்தவரிடம் இழுவைக் கூலியை முன்கூட்டியே, எழுதி வைத்த விலையில் வாங்க வேண்டும். படகுகள் கரையேறி முடியும்வரை அவர் வெயிலில் காத்திருக்கவும் வேண்டும்.