‘புத்தம் வீடு’ வெறும் காதல் கதையா?

நாவலாசிரியை ஹெப்சிபா ஜேசுதாசனைப் பற்றி யார் எழுதினாலும் ‘புத்தம் வீடு’ நாவலின் லிஸி–தங்கராஜ் காதலைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1964ல் வந்த அந்த நாவல் காதல் கதைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இருவரும் ஒரே சமூகம், ஒரே மதம், ஒரே ஊர். பிறகு எதற்கு அத்தனை எதிர்ப்பு? அவள் பனைவிளை, அதாவது பனந்தோப்பு, வைத்திருக்கும் வீட்டுப் பெண். அவன் மரமேறிப் பதநீர் இறக்கும் பனையேறியின் மகன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரிய பனையேற்று தெரிந்திருக்க வேண்டும். பனையின் பூம்பாளையைக் கடிப்பு என்ற கருவியால் நாள்கணக்கில் நசுக்கிப் பதப்படுத்தி, பிறகு நுனியை மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். காலையும் மாலையும் ஏறிச் சீவினால்தான் பதநீர் ஊறும். விட்டுவிட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று நின்றுபோகும். முப்பது நாற்பது மரம் வைத்திருப்பவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் கல்யாணம் வந்தாலும் லீவு கிடையாது. கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். கூடினால் கருப்பட்டி கெடும். இறக்கியதை உடனே காய்ச்சியாக வேண்டும், அது வீட்டுப் பெண்களின் பாடு. பதம் வருமுன் இறக்கினால் கட்டியாகாது, கொஞ்சம் தாண்டினால் தீய்ந்துவிடும். மரம் உரசி உரசி நெஞ்சிலும் காலிலும் காய்ப்பு ஏறிவிடும். தொழிலைச் சட்டை போட்டு மறைக்கக்கூட முடியாது. மரத்துக்காரன் ஏறாமலே பங்கு வாங்குகிறவன். ஏறாமல் இருப்பதே அவனுக்குக் கௌரவம். கையில் காசு வற்றி வீடு இடிந்துகொண்டிருக்கும்போது, லிஸியின் தாத்தா கண்ணப்பச்சியின் குடும்பத்துக்கு மிஞ்சுவதும் அந்தக் கௌரவம் ஒன்றுதான். லிஸியை அடைத்து வைப்பதும் அதுதான்.

இதை எழுதியவர் திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய ஆசிரியை. 1925ல் பிறந்தவர், சிறுவயது பர்மாவில். கணவர் தமிழ்ப் பேராசிரியர் ஜேசுதாசன். இருவரும் சேர்ந்து 1961லேயே ஆங்கிலத்தில் தமிழ் இலக்கிய வரலாறு எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் அவர் தனியாக அதே வேலையை நான்கு தொகுதிகளில் செய்தார். இவ்வளவு படித்தவர் நாவலில் படிப்பைக் காட்டவேயில்லை. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். குமரி மாவட்டத்துப் பேச்சை அப்படியே விட்டிருக்கிறார். முதல் இருபது பக்கம் தடுக்கும். உரையாடலை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், வழிக்கு வந்துவிடும்.

‘டாக்டர் செல்லப்பா’ (1967), ‘அனாதை’ (1978), ‘மா-னீ’ (1982) என்று, ‘புத்தம் வீட்டையும்’ சேர்த்து மொத்தமே நான்கு நாவல்கள். அடுத்து எது என்று கேட்டால் ‘மா-னீ’ என்பேன். அது பர்மாவில் நடக்கிறது. பனங்காட்டைத் தேடிக்கொண்டு போகாதீர்கள்.