ஆம்ப் மாற்றும் முன் ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள்

நேற்று இரவு இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார். "அண்ணா, கையில மூணு லட்சம் இருக்கு. ஆம்ப் மாத்தலாமா, டாக் மாத்தலாமா? கேபிளையும் சேர்த்து மாத்திடலாமான்னு யோசிக்கிறேன்." (ஆம்ப் என்றால் ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர். டாக் என்றால் டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்குப் புரியும் மின் அலையாக மாற்றும் கருவி.) கூடவே அவர் வீட்டு ஹாலின் படம் ஒன்று. பளபளவென்று டைல்ஸ் தரை, எதிரெதிரே வெறும் சுவர், டிவி ஷோகேஸுக்குள் இரண்டு பக்கமும் செருகி வைத்த ஸ்பீக்கர்கள், பின்சுவரை ஒட்டி சோபா. ஏழு வருஷத்துக்கு முந்தைய என் வீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. அவருக்கு மட்டும் எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனது. இதே கேள்வி இன்னும் பலரிடம் இருக்கும் என்பதால் இங்கேயே போடுகிறேன்.

தம்பி, அந்த மூன்றில் எதையும் இப்போது மாற்றாதீர்கள். முதலில் அறையைச் சரிசெய்யுங்கள். மிச்சப் பணம் ஸ்பீக்கருக்கு. ஆம்ப் அதற்கப்புறம். டாக்கும் கேபிளும் வரிசையில் கடைசி.

இதைப் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நங்கநல்லூரில் எங்கள் ஃப்ளாட். ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். கர்நாடக சங்கீதம்தான் அதிகம் கேட்பேன், மற்றபடி எண்பதுகளின் திரைப்பாட்டு. அந்த ஹாலில் எந்தக் கச்சேரியைப் போட்டாலும் மிருதங்கத்தின் தொப்பி (கீழ் ஒலி தரும் இடது பக்கம்) மட்டும் வீங்கிப்போய் 'தொம்ம்ம்' என்று நின்றுகொண்டே இருக்கும். அடுத்த சொல் விழுந்த பிறகும் முந்தைய தொம் போகாது. பாடகர் சாகித்தியத்தை உச்சரிப்பது அந்தச் சத்தத்துக்குள் அமுங்கிவிடும். ஆம்ப்புக்குப் பிடிமானம் போதவில்லை என்று நினைத்தேன்.

நகரத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். தடிமனான கார்பெட், சுவரெல்லாம் துணி போர்த்திய பலகைகள், கனமான திரைச்சீலை. அங்கே அந்த ஆம்ப் அற்புதமாகப் பாடியது. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்து, மாட்டி, அதே கச்சேரியைப் போட்டேன். அதே தொம்ம்ம். கடைக்குப் போன் செய்தால், "இருநூறு மணி நேரம் ஓடட்டும் சார், அப்புறம்தான் திறக்கும்" என்றார்கள். ஓட்டினேன். திறக்கவில்லை. "அப்ப கேபிள்தான் சார்" என்றார்கள். கேபிளுக்கு முப்பத்தெட்டாயிரம். அதற்கும் தொப்பி அசையவில்லை. ஷோரூமில் நான் கேட்டது அவர்கள் அறையை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

எங்கள் கீழ் வீட்டில் ஒரு மிருதங்க வாத்தியார் இருந்தார். வயதானவர், கச்சேரிக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபிக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டார்.

"என்னப்பா, தொப்பிக்கு ரவையை ரொம்ப அப்பிட்டானா?"

பிறகு ஹாலுக்கு நடுவில் போய் நின்று ஒரே ஒரு முறை ஓங்கிக் கையைத் தட்டினார். தட்டின சத்தம் ஒன்று. அதன் பின்னாலேயே 'டிர்ர்ர்' என்று பல்லி கத்துகிற மாதிரி ஒரு அதிர்வு. "கேட்டியா? பாட்டு ஒரு பக்கம் பாடுது, உன் சுவர் ஒரு பக்கம் பாடுது." அவருக்கு ஒலியியல் படிப்பு எதுவும் கிடையாது. ஐம்பது வருஷமாக ஒவ்வொரு மேடையிலும் ஏறி உட்கார்ந்ததும் ஒரு சாப்பு வைத்து அந்த இடத்தின் குணத்தைப் பார்த்த அனுபவம்தான்.

சோபாவில் இருந்து எழுந்து பாட்டு ஓடும்போதே அறையில் நடக்கச் சொன்னார். பின்சுவரில் முதுகை ஒட்டி நின்றால் தொப்பி உப்பியது. நான்கு அடி முன்னால் வந்தால், என்னால் நம்பவே முடியவில்லை, தொப்பியே காணோம்! வலது பக்கமான வலந்தலை மட்டும் டக் டக் என்கிறது. இன்னும் நான்கு அடி போய் ஹாலின் நடுவுக்கு வந்தால் திரும்பவும் தொம். ஒரே ஆம்ப், ஒரே பதிவு, ஒரே வால்யூம். நான்கு அடியில் மிருதங்கம் முழுசாக மாறிப்போகிறது. எந்த ஆம்ப்பும் எந்தக் கேபிளும் இதில் பத்தில் ஒரு பங்கு மாற்றத்தைக்கூடக் கொடுத்து நான் கேட்டதில்லை.

இதற்கான கணக்கு எளிமையானது. நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. 16 அடி என்பது 4.88 மீட்டர். அந்த நீளத்துக்குள் ஓர் அலை முழுசாக அடங்குவது 71 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 71 அதிர்வு பக்கம். அந்த அலை இரண்டு சுவர்களிலும் நடுவிலும் உப்பும், கால் பங்கு தூரத்தில், அதாவது சரியாக நான்கு அடியில், செத்துவிடும். நான் போட்ட கச்சேரி ஒன்றரைக் கட்டை சுருதி. அதன் ஷட்ஜம், அதாவது ஆதார 'ஸ', ஏறத்தாழ 138 ஹெர்ட்ஸ். தொப்பியை அதற்கு ஒரு ஸ்தாயி கீழே வைத்திருந்தால் 69. அறையின் 71-ம் தொப்பியின் 69-ம் கைகோத்துக்கொண்டன. இதில் ஆம்ப் என்ன செய்யும்?

அன்றைக்கே சோபாவைப் பின்சுவரில் இருந்து இரண்டரை அடி முன்னால் இழுத்தேன். உப்பலும் இல்லை, மறைவும் இல்லை. ஸ்பீக்கர்களை ஷோகேஸை விட்டு வெளியே எடுத்தேன். தயவுசெய்து ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள் தம்பி. சுவரையும் மூலையையும் ஒட்டி வைக்க வைக்க பேஸ், அதாவது கீழ் ஒலி, ஊதும், மரப்பெட்டிக்குள் வைத்தால் அந்தப் பெட்டியும் சேர்ந்து பாடும். ஆசாரியிடம் சொல்லி இரண்டு ஸ்டாண்டு செய்தேன். உட்கார்ந்தால் காது எந்த உயரமோ அந்த உயரத்துக்கு உச்ச ஒலி தரும் ட்வீட்டர் வரவேண்டும். ஸ்டாண்டுக்கு மேலே வைக்க, சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டு இருந்தது.

அடுத்து சுவர். ஏசி டக்ட் வேலைக்குப் பயன்படும் கண்ணாடிக் கம்பளி ஸ்லாப், இரண்டு அங்குலக் கனம், 48 அடர்த்தி (கன மீட்டருக்கு 48 கிலோ) என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு ஸ்லாப்பை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நான்குக்கு இரண்டு அடி மரச்சட்டத்தில் அடைத்து, காடாத் துணி போர்த்தி ஆறு பலகைகள் செய்தேன். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், அரிப்பு தாங்காது. எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு வழி உண்டு. நீங்கள் சோபாவில் உட்காருங்கள், வீட்டில் யாரையாவது முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் பலகை. எல்லாம் சேர்த்து எனக்குப் பதினோராயிரம் ஆனது. தரைக்கு ஜமக்காளம் விரித்தோம், ஆனால் அது உச்ச ஒலிகளின் பளிச்சை மட்டும்தான் கொஞ்சம் அடக்கும், தொப்பியைத் தொடாது. 70 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்து மீட்டர், அதை ஒரு விரிப்பு எப்படிப் பிடிக்கும்? அதனால்தான் கீழ் ஒலிகளுக்கு இடம் மாற்றுவது முதல் மருந்து. மிச்சத்துக்கு ஒலியை அளப்பதற்கென்றே இருக்கும் யுமிக் மாதிரி ஒரு மைக் வாங்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்து பார்க்கலாம். உப்பி நிற்கும் இடத்தை ஈக்யூவில் (குறிப்பிட்ட ஒலிகளை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி) குறைக்கலாம். செத்துப்போன இடத்தை ஏற்ற முயலாதீர்கள், எவ்வளவு பவர் ஊற்றினாலும் சுவரில் பட்டுத் திரும்பும் அலை அதைத் தின்றுவிடும்.

மேல்வீட்டுப் பாட்டி, "இத்தனை நாளா பாட்டுல வார்த்தை புரியாம இருந்துச்சு, இப்ப புரியுது" என்று என் மனைவியிடம் சொன்னாராம். அவருக்கு நான் எதை மாற்றினேன் என்றே தெரியாது.

அறைக்கு அப்புறம் ஸ்பீக்கர். இங்கே பணத்தைத் தாராளமாகப் போடலாம். ஒன்றுக்கொன்று அதிகம் வித்தியாசமாக ஒலிக்கும் கருவி சங்கிலியில் இது ஒன்றுதான். பெரியது வாங்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் ஒதுக்கி வையுங்கள். பிபிசி 1970-களில் எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தது தன் ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்கத்தான். இடம் இவ்வளவுதான் என்று அளந்துவிட்டு அதற்கு ஏற்ற ஸ்பீக்கரைச் செய்தார்கள். மனிதக் குரலுக்காக இன்றும் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 11 அடி அகல ஹாலில் ஆளுயர டவர் ஸ்பீக்கரை நிறுத்தி அதன் பேஸோடு சண்டை போடுவதைவிட, கீழ் ஒலிக்கு ஒன்று, உச்ச ஒலிக்கு ஒன்று என்று பிரித்த நல்ல சின்ன இரண்டு வழி ஸ்பீக்கர் நிம்மதி.

கேட்டுப் பார்க்க உங்களுக்கு மனப்பாடமான மூன்று பதிவுகள் போதும்: தம்பூராவோடு தனிக்குரல் ஆலாபனை ஒன்று, தனி ஆவர்த்தனம் ஒன்று, பேஸ் கிட்டார் நன்றாக ஓடும் திரைப்பாட்டு ஒன்று. தம்பூராவில் நான்கு தந்திகளும் தனித்தனியாகக் கேட்கிறதா, மந்தர ஷட்ஜத்தின் மேல் எழும் அந்த ரீங்காரம் உரசாமல் வருகிறதா என்று பாருங்கள். வால்யூமைச் சமமாக வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். சத்தம் ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். டெபாசிட் வாங்கிக்கொண்டு வீட்டில் இரண்டு நாள் வைத்துக் கேட்கக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். மறுக்கும் இடத்தில் லட்ச ரூபாய்ப் பொருளை வாங்காதீர்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவதானால் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் லேசாக அழுத்துங்கள். ஃபோம் என்றால் நம் ஊர் ஈரக்காற்றில் உதிர்ந்துபோகும். ரப்பர் வளையம் என்றால் தைரியமாக வாங்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரம் இருக்கிறவர்கள் பின்னால் உள்ள இணைப்புகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இப்போது ஆம்ப். உங்கள் ஸ்பீக்கர் 86 டெசிபல் உணர்திறன் என்றால், ஒரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் தரும். வீட்டில் நாம் சாதாரணமாகக் கேட்பது 75 பக்கம். அதற்கு ஒரு வாட்டே தாராளம். 50 வாட் ஆம்ப்பை 100 வாட்டுக்கு மாற்றினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு பவர். ஆம்ப் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. உணர்திறன் 83 பக்கம் உள்ள ஸ்பீக்கர், மின்தடை 4 ஓமுக்குக் கீழே இறங்கும் ஸ்பீக்கர், பெரிய ஹால் என்றால் நல்ல கனமான ஆம்ப் அவசியம்தான். எனக்கு அது அவசியமாக இல்லை.

டாக் பற்றி ஒரு கேள்வி. உங்கள் மின்விசிறி எந்த வேகத்தில் ஓடுகிறது? என் ஹாலில் ஐந்தில் ஓடினால் போன் செயலி 50 டெசிபல் பக்கம் காட்டுகிறது. துல்லியமான அளவல்ல, ஆனாலும் யோசியுங்கள். 1982-ல் வந்த சிடிக்கே மிக மெல்லிய ஒலிக்கும் உச்சத்துக்கும் நடுவில் 96 டெசிபல் வீச்சு இருக்கிறது. 85-ல் உச்சம் வைத்துக் கேட்டால், விசிறிச் சத்தத்துக்கு மேலே நம் காதுக்கு மிஞ்சுவது 35 டெசிபல். இதில் அந்த வீச்சை 110-ல் இருந்து 120 ஆக்கும் டாக்குக்கு லட்சம் கொடுத்து என்ன கேட்கப் போகிறோம்? ரெகுலேட்டர் ரீங்காரம் இல்லாத பிஎல்டிசி மோட்டார் விசிறி மாட்டி இரண்டில் ஓடவிட்டேன். ஆலாபனையின் முடிவில் பாடகர் மூச்சு விடுவது அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டது.

கேபிளுக்கு நான் இப்போது பயன்படுத்துவது எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய 2.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி. மூன்று மீட்டருக்குப் போய்வர அதன் தடை 0.04 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. என் மகனை மாற்றி மாற்றி மாட்டச் சொல்லி, பார்க்காமல் பதினைந்து தடவை கேட்டேன். முப்பத்தெட்டாயிரம் எது, செம்புக் கம்பி எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேபிளுக்கு வைத்திருக்கும் காசில் ஒரு பகுதியை எலக்ட்ரீஷியனுக்குக் கொடுங்கள். பழைய ஃப்ளாட்டுகள் பலவற்றில் பிளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் இருக்காது. எர்த் சரியாக இருந்தும் உம்ம் என்ற இரைச்சல் வந்தால் ஆம்ப், செட்டாப் பாக்ஸ், சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டில் இருந்து எடுத்துப் பாருங்கள், கேபிள் டிவி ஒயரைக் கழற்றியும் பாருங்கள். இரைச்சல் போகிறது என்று எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். உலோகப் பெட்டிக்குள் 230 வோல்ட் ஓடுகிறது, வீட்டில் குழந்தைகள் தொடுவார்கள்.

இன்னொன்று. வருஷத்துக்கு ஒருமுறையாவது மைக் இல்லாத வாத்தியத்தைக் காதால் கேளுங்கள். பங்குனிப் பெருவிழாவில் மயிலாப்பூர் மாட வீதியில் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பத்தடி தூரத்தில் போய் நில்லுங்கள். தவில் அடி நெஞ்சில் விழுந்து உடனே நின்றுவிடும், இழுக்காது. அந்த நினைவோடு வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டால் எது மிகை, எது குறை என்று காதே சொல்லும்.

தம்பி மடிப்பாக்கத்தில்தான் இருக்கிறாராம். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போகிறேன். இன்ச் டேப், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, சோபாவை நகர்த்த ஒரு ஆள், இவ்வளவு தயாராக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஒன்றரைக் கட்டைக் கச்சேரியை நான் பென்டிரைவில் கொண்டுவருகிறேன்.