உலக சாம்பியன் ஆன கிராமம், உருப்படாமல் போன சட்டம்

பழைய கால்பந்து பற்றிப் பேச்சு வந்தாலே, ‘அப்பவெல்லாம் யாரும் காசுக்கு ஆடல’ என்று உருகுகிறவர்கள் நம்மிடையே நிறைய. எனக்கு அந்த உருக்கம் வருவதில்லை. ஏன் என்று கேட்டால் ஸ்காட்லாந்தின் ரென்டன் கிராமத்தைத்தான் காட்டுவேன்.

கிளாஸ்கோவுக்கு வடமேற்கே, லோமண்ட் ஏரியிலிருந்து கிளைட் ஆற்றுக்கு ஓடும் லெவன் என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது ரென்டன். அந்தத் தண்ணீரை நம்பி அங்கே சாய ஆலைகள் எழுந்தன. ‘டர்க்கி ரெட்’ என்ற, துவைத்தாலும் வெளுக்காத சிவப்புச் சாயம்தான் ஊரின் பிழைப்பு. (அந்தத் துணி பெருமளவில் கப்பலேறியது இந்தியாவுக்கு. நம் சந்தைக்கென்றே மயில் படம் அச்சிட்டு அனுப்பினார்கள்.) வாரம் முழுக்க ஆலை வேலை, சனிக்கிழமை பந்து. இப்படிப்பட்ட ஊரில் 1872இல் ஒரு கிளப் பிறந்தது.

1873 அக்டோபரில் ஸ்காட்டிஷ் கோப்பை முதன்முறையாகத் தொடங்கிய நாளிலேயே கில்மார்னக்கை 2-0 என்று வென்றார்கள். 1885இல் கோப்பையே கைக்கு வந்தது. 1888இல் மறுபடியும், இறுதியாட்டத்தில் கேம்பஸ்லாங்கை 6-1 என்று துவைத்து எடுத்தார்கள். பக்கத்து ஊரான அலெக்சாண்டிரியாவின் வேல் ஆஃப் லெவன் கிளப் ஏற்கெனவே 1877, 78, 79 என்று மூன்று வருடம் தொடர்ந்து அதே கோப்பையை வைத்திருந்தது. ஒரு சிற்றாற்றங்கரை ஒரு நாட்டுக்கே கால்பந்து சொல்லிக்கொடுத்த காலம் அது.

அந்த 1888 மே 19 அன்று இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையை வென்ற வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கிளாஸ்கோவுக்கு வந்தது. இரண்டு நாடுகளின் கோப்பை வெற்றியாளர்கள் மோதினார்கள். இடி மின்னலோடு மழை கொட்ட, ரென்டன் 4-1 என்று ஜெயித்தது. ஊருக்குத் திரும்பி மைதானக் கட்டடத்தில் ‘உலக சாம்பியன்’ என்று பலகை மாட்டிவிட்டார்கள்! சிரிப்பு வரலாம். ஆனால் அன்று கால்பந்தில் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் விட்டால் பெரிதாக வேறு யார் இருந்தார்கள்? சில ஆயிரம் பேர் வசித்த கிராமம் அப்படி எழுதிக்கொண்டதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். சரியாக ஒன்பது நாள் கழித்து, மே 28 அன்று, கிளாஸ்கோவில் செல்டிக் என்ற புதுக் கிளப் தன் முதல் ஆட்டத்தை ரேஞ்சர்ஸுடன் ஆடியது. அதில் நடுவில் நின்றவர் ரென்டனின் ஜேம்ஸ் கெல்லி. செல்டிக்கின் வரலாற்றில் முதல் கோலை அடித்தவர் நீல் மெக்கல்லம், அவரும் ரென்டன் ஆள். ரென்டனின் பின்வரிசையில் ஆடிய ஆண்ட்ரூ ஹானா இங்கிலாந்து போய் 1891இல் லீக் வென்ற எவர்டனுக்கு அணித்தலைவரானார், அடுத்து லிவர்பூலின் முதல் அணித்தலைவர்.

ரென்டனுக்கு இதில் என்ன கிடைத்தது? ஒரு பைசா கிடையாது. ஸ்காட்லாந்தில் எல்லாரும் அமெச்சூராக, அதாவது சம்பளம் வாங்காமல் ஆட வேண்டும் என்பது கால்பந்துச் சங்கத்தின் சட்டம். சம்பளம் இல்லை என்றால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லை என்றால் ஆளை விடுவதற்கு ஈட்டுத்தொகையும் இல்லை. ‘போய்ட்டு வரேன்’ என்று சொன்னால் கதை முடிந்தது. இங்கிலாந்திலோ 1885 முதலே சம்பளம் கொடுப்பது சட்டப்படி சரி. கிளாஸ்கோவிலும் மறைவாகக் காசு கைமாறியது ஊரறிந்த ரகசியம். அமெச்சூராக ஆடிய கெல்லி பின்னாளில் பப் முதலாளியாகி, செல்டிக் நிர்வாகத்தின் தலைவராகவும் உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சாய ஆலை ஊர்க்காரன் வேறு என்ன செய்வான் என்றுதான் யாரும் கேட்பார்கள். சட்டத்தை மதித்த ஏழை ஊர்தான் இளிச்சவாய் ஆனது என்பதே என் ஆத்திரம்.

இன்னொரு கொடுமை. 1890இல் ‘நாமெல்லாம் சேர்ந்து லீக் தொடங்கலாம்’ என்று மற்றக் கிளப்களுக்குக் கடிதம் எழுதியவரே ரென்டனின் செயலாளர் பீட்டர் ஃபேர்லி. லீக் தொடங்கி ஐந்து ஆட்டம் ஆடியதும் ரென்டனையே வெளியே தள்ளினார்கள். குற்றம்? ஆட்டக்காரருக்குக் காசு கொடுத்ததாகத் தடை செய்யப்பட்ட எடின்பரோவின் செயின்ட் பெர்னார்ட்ஸ் வேறு பெயரில் வந்தபோது அதனுடன் நட்பாட்டம் ஆடியது. ரென்டன் வழக்குப் போட்டு அடுத்த சீசனில் திரும்பி வந்தது. வந்து என்ன செய்ய, நல்ல ஆட்கள் போய்விட்டார்களே.

1893இல் ஸ்காட்லாந்தும் சம்பளத்தை அனுமதித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. நகரத்துக் கிளப்புக்கு டிக்கெட் வசூல் இருக்கிறது, கிராமத்துக்கு ஏது? 1894இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். இறங்கிய அணி 1895இல் கோப்பை இறுதியாட்டம் வரை போனது என்பதை இன்றும் நம்ப முடியவில்லை. அங்கே அவர்களை 2-1 என்று வென்றது அதே செயின்ட் பெர்னார்ட்ஸ்! 1897இல் சீசன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே லீக்கை விட்டு விலகினார்கள். 1922இல் கிளப்பே கலைந்தது.

‘காசு வந்ததும் கிராமத்துக் கிளப் செத்தது’ என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காசு வருவதற்கு முன்பே அதன் ஆட்களைப் பறிகொடுத்தது எந்தச் சட்டத்தால்?

அமெச்சூர் கொள்கையை விடாமல் பிடித்திருந்த கிளப் ஒன்று உண்டு, கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க். சம்பளம் கொண்டுவந்துவிடும் என்று பயந்து 1890 லீக்கில் சேர மறுத்தவர்கள். அவர்களால் முடிந்தது. வசதியான உறுப்பினர்கள் இருந்தார்கள், சொந்தமாக ஹாம்டன் பார்க் மைதானம் இருந்தது. அவர்களும் 2019இல் வாக்கெடுப்பு நடத்தி அமெச்சூர் நிலையைக் கைவிட்டார்கள். வளர்த்துவிட்ட இளைஞர்களை மற்றக் கிளப்கள் காசில்லாமல் அள்ளிக்கொண்டு போகின்றன என்பதுதான் காரணம்.