சொல்வதும் கொடுப்பதும் ஒன்றா?

நேற்று இரவு பதினொன்றரை வரை அக்கா மகளின் பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்டினேன். கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் மூல நிரலைப் படித்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருளைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு லினக்ஸ் இயங்குதளத்தை அவளுக்குச் சொன்னதும் நான்தான், போட்டுக் கொடுத்ததும் நான்தான். எல்லாம் ஓடியது, வைஃபை மட்டும் எட்டிப்பார்க்கவில்லை. அந்த லினக்ஸை உருவாக்குகிறவர்களுடைய ஆவணத்தில் வைஃபை பக்கத்தைத் திறந்தால், "உங்கள் சாதனம் ஆதரிக்கப்படவில்லை" என்று ஒரே வரி. ஏன் என்று இல்லை, அடுத்து என்ன செய்வது என்றும் இல்லை. கணினியின் பதிவுக் குறிப்பான லாக்கைப் பார்த்தால் அங்கே இன்னும் கொடுமை: எந்த ஃபர்ம்வேர் (வைஃபை சிப்பை இயக்கும் சிறு மென்பொருள்) கோப்பு கிடைக்கவில்லை என்று பெயர் வர வேண்டிய இடத்தில், பெயரையே நீக்கிவிட்டதாக ஒரு குறிப்பு!

"மாமா, காலையில ஒன்பது மணிக்கு ஆன்லைன் கிளாஸ் இருக்கு, பழைய விண்டோஸையே போட்டுடுங்களேன்" என்றாள். போட்டுக் கொடுத்தேன். பத்து வருடமாகக் கட்டற்ற மென்பொருள் என்று ஊரெல்லாம் பேசுகிற நான், என் கையாலேயே போட்டேன். வயிறு எரிகிறது.

கட்டற்றது அல்லாத ஃபர்ம்வேரை உள்ளே வைக்க மாட்டோம் என்பது, அந்த லினக்ஸை உருவாக்குகிறவர்களே, உங்கள் கொள்கை. அதற்கு முழு மரியாதை உண்டு. ஆனால் "இந்தச் சிப்புக்குத் தனியுரிம ஃபர்ம்வேர் வேண்டும், அது எங்களிடம் இல்லை" என்று சொல்வதில் எந்த உரிமம் மீறப்படுகிறது? சொல்வதும் கொடுப்பதும் ஒன்றா? காரணத்தைச் சொல்லியிருந்தால், ஏஆர்9271 என்ற வைஃபை சிப் உள்ள யூஎஸ்பி டாங்கிளை வாங்கி மாட்டியிருப்பேன். அதன் ஃபர்ம்வேருக்கு மூல நிரலே திறந்து கிடக்கிறது. உங்கள் கொள்கைக்குள்ளேயே இருக்கிற வழி அது! அதைக்கூடச் சொல்ல வாய் வரவில்லையே.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸும் இதில் வருடக்கணக்கில் திண்டாடியது. ஃபர்ம்வேர் சேர்த்த இன்ஸ்டாலர் இருந்தும், "அதிகாரபூர்வமற்றது" என்று ஒரு மூலையில் கிடந்தது. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே சேர்த்தார்கள். எது கட்டற்றது, எது இல்லை என்று தனிப் பிரிவாகப் பிரித்தும் வைத்தார்கள். இதனால் டெபியன் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கையேடுகளின் கதை இதைவிட வேதனை. சி மொழி நிரல்களுக்கு அடிப்படையான க்னூ சி லைப்ரரியின் கையேட்டில் யாரும் மாற்றக்கூடாது என்று பூட்டிய பகுதிகளில் ஒன்றின் தலைப்பு, "கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டற்ற ஆவணம் தேவை". அப்படிப் பூட்டியதாலேயே டெபியனில் அந்தக் கையேடு கட்டற்றது அல்லாத பிரிவுக்குப் போய்விட்டது. சி நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் ஜிசிசியின் கையேட்டுக்கும் இதே கதிதான். பூட்டியவர்கள், டெபியன் என்று இரண்டு தரப்பு வாதத்தையும் படித்திருக்கிறேன், இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் டெபியனில் சி மொழி கற்க உட்கார்ந்த பிள்ளை, கையேட்டைக் காட்டச் சொல்லி டெர்மினலில் 'மேன் ஜிசிசி' என்று தட்டினால் "கையேடு இல்லை" என்று வருகிறது. ஏன் இல்லை என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

முதலில் சொன்ன லினக்ஸின் வைஃபை பக்கத்துக்கு நானே இரண்டு வரி எழுதிப் பேட்ச் (திருத்தம்) அனுப்பினேன். பதிவிறக்க முகவரி கூடக் கொடுக்கவில்லை, காரணம் மட்டும்தான் எழுதினேன். "கொள்கைக்கு ஒவ்வாது" என்று ஒரு மணி நேரத்தில் மூடிவிட்டார்கள். டாங்கிளின் சிப் பெயரையும் சேர்த்து இப்போதுதான் மறுபடி அனுப்பியிருக்கிறேன்.